பிரசங்கம் கேட்காம கூத்து பார்க்கலாமா? இன்ஃபினிட்டி காஸில் வரைக்கும் ஒரு சின்ன வரலாறு

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான். "டீமன் ஸ்லேயர் சீரிஸ் பார்த்ததில்ல, நேரா இன்ஃபினிட்டி காஸில் படத்துக்குப் போகலாமா?" படம் இங்க ரிலீஸ் ஆனதுல இருந்து என்கிட்ட அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. ஆபீஸ்ல கேட்டாங்க, சொந்தக்காரங்க வீட்டுக் கல்யாணத்துல கூட ஒரு பையன் கேட்டான். சுருக்கமான பதில்: போகலாம், சண்டை எல்லாம் பிரமாதமா இருக்கும், யார் யாருக்காக அழறாங்கன்னு மட்டும் தெரியாது.

ஆனா எனக்கு அந்தக் கேள்வி மேலதான் ஆர்வம். இருபது வருஷத்துக்கு முன்னாடி ஒரு டிவி அனிமே படமா வந்தா, யாரும் இப்படிக் கேட்க வேண்டிய தேவையே பெரும்பாலும் இருந்ததில்ல. எது மாறுச்சு? அதைப் பார்த்துட்டு, அது நம்ம ஊருக்கு எப்படி வந்து சேர்ந்துச்சுன்னும் பார்ப்போம்.

முதல்ல ஒரு அறிமுகம், தெரிஞ்சவங்க பொறுத்துக்கோங்க. கொயோஹாரு கொடோகே எழுதி வரைஞ்ச மாங்கா, 'ஷோனென் ஜம்ப்' வார இதழ்ல 2016 பிப்ரவரில இருந்து 2020 மே வரைக்கும் வந்துச்சு. மொத்தம் 205 அத்தியாயம், 23 புத்தகம். குடும்பத்தை அரக்கர்கள் கொன்னுட்டாங்க, தங்கச்சி நெசுகோ அரக்கியா மாறிட்டா. அவளைத் திரும்ப மனுஷியா மாத்தணும்னு கிளம்புற டாஞ்சிரோதான் நாயகன். யூஃபோடேபிள் ஸ்டூடியோ, ஹாருவோ சோதோசாகி இயக்கத்துல, 2019-ல இதை டிவி சீரிஸா எடுத்தாங்க. கதை அவ்வளவுதான். பழிவாங்கல், அண்ணன் தங்கச்சி பாசம், கத்திச் சண்டை. தமிழ் சினிமா பார்த்து வளர்ந்தவனுக்கு இதுல அந்நியமா ஒண்ணும் இல்ல.

இப்போ பழைய வழக்கத்துக்கு வருவோம். ஜப்பான்ல தோயெய் நிறுவனம் பள்ளி விடுமுறை நாட்கள்ல பிள்ளைங்களுக்காக சின்னச் சின்னப் படங்களை ஒண்ணாச் சேர்த்துத் திரையிடுவாங்க. 'தோயெய் மாங்கா திருவிழா'ன்னு 1960-களோட கடைசில இருந்தே அதுக்குப் பேர். டிராகன் பால் ஸெட் படங்கள் இந்த வழியில வந்தவைதான். 1989-ல இருந்து 1995-க்குள்ள 13 படம். ஒரு மணி நேரம் ஓடும். புது வில்லன் ஒருத்தன் வருவான், கோகு அடிப்பான், எல்லாரும் சாப்பிடுவாங்க, முடிஞ்சது. டிவி கதைக்குள்ள அந்த வில்லனுக்கு இடமே இல்ல. அடுத்த வாரம் டிவில அவனைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. எங்க தொழில் பாஷையில சொன்னா, மெயின் கோடுக்குள்ள மெர்ஜ் பண்ணவே பண்ணாத பிராஞ்ச்.

இதுக்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்ல. மாங்கா வாராவாரம் வந்துட்டிருக்கு, டிவி அதைத் துரத்திட்டிருக்கு. நடுவுல படம் போய் கதையை நகர்த்திடுச்சுன்னா, தியேட்டருக்குப் போகாத குழந்தைக்கு அடுத்த வார டிவி புரியாது. அதனால 'படம் எதையும் மாத்தக்கூடாது'ங்கிறதுதான் நடைமுறை விதி. நருட்டோ, ஒன் பீஸ் எல்லாம் ரொம்ப காலம் அந்த வழியிலதான் போச்சு.

விதியை மீறினவங்களும் உண்டு. 1974-ல வந்த 'ஸ்பேஸ் பேட்டில்ஷிப் யமாட்டோ' டிவில எடுபடல, 26 எபிசோடோட நிறுத்திட்டாங்க. 1977-ல அதையே வெட்டி ஒட்டிப் படமா விட்டா, தியேட்டர் வாசல்ல இளைஞர் கூட்டம். உடனே 1978-ல கதையை நிஜமாவே தொடர்ற ஒரு படம் எடுத்தாங்க. அதுல நாயகன் கப்பலோட போய் செத்துப் போறான். அரங்கமே அழுதுச்சு, வசூலும் கொட்டுச்சு. இங்கதான் கூத்து. அதே வருஷம் அதே கதையை டிவிக்குத் திரும்ப எடுத்து, அவனைப் பிழைக்க வெச்சுட்டாங்க! வியாபாரம் நிக்கக்கூடாதில்ல. எவாஞ்செலியன் இன்னொரு உதாரணம். 1996-ல டிவில முடிஞ்ச விதம் பல பேருக்குப் பிடிக்கல, 1997-ல படமா வேற முடிவு ஒண்ணு கொடுத்தாங்க. ரெண்டுமே கொண்டாடப்பட்டுச்சு, ஆனா விதிவிலக்குகளாவே நின்னுச்சு.

டீமன் ஸ்லேயர்ல நடந்தது வேற. 2019 செப்டம்பர்ல 26-வது எபிசோட் முடியும்போது, டாஞ்சிரோவும் கூட்டாளிகளும் ஒரு ரயில்ல ஏறுறாங்க. அங்கேயே நிறுத்தி, 'மீதி திரையரங்கில்'னு போட்டுட்டாங்க. 2020 அக்டோபர் 16-ல 'முகென் ட்ரெயின்' வந்துச்சு. இது பக்கக் கதை இல்ல, மாங்காவோட அடுத்த பகுதி, அப்படியே. கொரோனா காலம், ஹாலிவுட் படங்கள் எல்லாம் தள்ளிப்போயிருந்துச்சு, ஜப்பான் திரையரங்குகள் திறந்திருந்துச்சு. பத்தே நாள்ல 1,000 கோடி யென் தாண்டுச்சு. அந்த வருஷக் கடைசிக்குள்ள மியாசாகியோட 'ஸ்பிரிட்டட் அவே' 19 வருஷமா வெச்சிருந்த சாதனை போச்சு. முடிவுல ஜப்பான்ல மட்டும் 4,000 கோடி யென்னுக்கு மேல. 2020-ல உலகத்துலயே அதிகம் வசூலிச்ச படம் அதுதான்.

கொரோனா உதவுச்சுன்னு சொல்றவங்க சொல்றது சரிதான். ஆனா அது பாதிக் காரணம். மீதிப் பாதி, 2019 சீரிஸ் ஸ்ட்ரீமிங் தளங்கள்ல இருந்ததால, வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்தவங்க உட்கார்ந்து 26 எபிசோடையும் பார்த்து முடிச்சிருந்தாங்க. தயாரிப்பாளர்களுக்கு முதல் தடவையா ஒரு நம்பிக்கை: பார்வையாளர் எல்லாம் ஒரே இடத்துல நிக்கிறாங்க, முன்கதைச் சுருக்கம் தேவையில்ல. நம்ம வாரப் பத்திரிகைத் தொடர்கதை மேல கட்டம் கட்டிப் போடுவாங்களே, அந்த முன்கதைச் சுருக்கம்தான். அப்புறமும் ஒரு பாதுகாப்புக்கு, 2021 அக்டோபர்ல அதே ரயில் கதையை ஏழு எபிசோடாப் பிரிச்சு டிவிலயும் காட்டிட்டாங்க.

2025-ல அந்தப் பாதுகாப்பும் இல்ல. மாங்காவோட இறுதிப் போரை மூணு படமா எடுக்கிறோம்னு அறிவிச்சு, முதல் பகுதியை ஜூலை 18-ல விட்டாங்க. 155 நிமிஷம்.

இந்த இடத்துல நான் ஜப்பானை விட்டுட்டு மதுராந்தகம் பக்கம் போறேன். வண்டலூர்ல இருந்து ஜி.எஸ்.டி. ரோட்ல பஸ் ஏறினா ஒன்றரை மணி நேரம். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவண்ணாமலை பக்கத்து கிராமங்கள்ல கோடையில திரௌபதி அம்மன் கோயில் திருவிழா நடக்கும். பார்த்தவங்களுக்குத் தெரியும், அங்க பாரதம் ரெண்டு வழியில ஓடும். பகல்ல பிரசங்கியார் உட்கார்ந்து வில்லிபாரதத்தை வரிசையாப் பாடிக் கதை சொல்வார். அது பாரதப் பிரசங்கம். ராத்திரி கூத்து. பிரசங்கம் கதையை ஆதியோடந்தமாச் சொல்லும். கூத்து அப்படிச் செய்யாது. வில் வளைப்பு ஒரு ராத்திரி, துகில் ஒரு ராத்திரி, அர்ச்சுனன் தபசு ஒரு ராத்திரி, அப்புறம் கிருஷ்ணன் தூது, அபிமன்னன் சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர். நடுவுல இருக்கிற நூறு விஷயங்களை மேடையில ஆட மாட்டாங்க. அவசியமில்ல, பிரசங்கத்துல கேட்டாச்சு. கேட்காதவனும் பாட்டிகிட்ட கேட்டிருப்பான்.

கர்ண மோட்சத்தை எடுத்துக்கோங்க. கர்ணன் போருக்குக் கிளம்பணும். கிளம்ப மாட்டான். பொன்னுருவியோட தர்க்கம் நடக்கும், ராத்திரி நகர்ந்துட்டே இருக்கும். அவன் செத்துடுவான்னு கூட்டத்துல இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். தெரிஞ்சதாலதான் அந்தத் தர்க்கத்தை உட்கார்ந்து கேட்கிறாங்க. 'அடுத்து என்ன'ன்னு பதறுறவன் யாரும் அங்க இல்ல.

கதைக்கு ஒரு இடம், உச்சக் கட்டத்துக்கு இன்னொரு இடம். நம்மளைவிடப் பழைய பார்வையாளர்களுக்கு இது பழக்கமான ஏற்பாடு. ஜப்பானுக்கும் இது தெரியும். கபுகி அரங்குல ஒரு நீண்ட நாடகத்துல இருந்து பிரபலமான காட்சியை மட்டும் பிரிச்சு ஆடுற வழக்கம் இருக்கு, 'மிதோரி'ன்னு பேர். முகென் ட்ரெயினும் இன்ஃபினிட்டி காஸிலும் டிவியைப் பிரசங்கமா வெச்சுக்கிட்டு ஆடின கூத்துன்னுதான் நான் புரிஞ்சுக்கிறேன்.

கூத்துல இன்னொருத்தரும் உண்டு, கட்டியக்காரன். லேட்டா வந்தவனுக்கும் தூங்கி எழுந்தவனுக்கும் வர்றவன் யாரு, ஏன் கோவமா இருக்கான்னு நக்கலும் நையாண்டியுமா எடுத்துக் கொடுத்துடுவான். இன்ஃபினிட்டி காஸில்ல கட்டியக்காரன் கிடையாது. பிரசங்கம் கேட்காதவன் மாட்டிக்கிட்டான்.

அப்போ தமிழ்ல இந்தப் பிரசங்கம் யாருக்குக் கிடைச்சது? எனக்கு முக்கியமாப் படுறது இந்தக் கேள்விதான்.

என் வயசுக்காரங்க தமிழ்ல ஜப்பானியக் கார்ட்டூன் பார்க்கலன்னு சொல்ல முடியாது. ஷின்சான் தமிழ்ல பேசினான், டோரேமான் பேசுச்சு. 2007-ல சுட்டி டிவி வந்தப்போ ஜாக்கி சான் கார்ட்டூன் தமிழ்ல பின்னி எடுத்துச்சு. அது அமெரிக்கச் சரக்கு, அனிமே இல்ல, இருந்தாலும் டப்பிங்னா என்னன்னு எங்களுக்குக் காட்டினது அதுதான். ஆனா ஒண்ணு கவனிங்க. ஷின்சானையும் டோரேமானையும் எந்த எபிசோட்ல இருந்து வேணும்னாலும் பார்க்கலாம். நோபிட்டா எப்பவும் அதே வகுப்புலதான் இருப்பான். முன்னால நடந்தது தெரிய வேண்டியதில்ல. தமிழ்ல நிலைச்சு நின்ன அனிமே பெரும்பாலும் அந்த வகை. முதல்ல இருந்து கடைசி வரைக்கும் வரிசையாப் பார்க்க வேண்டிய நெடுங்கதைக்கு டிவில நம்பகமான இடம் அமையல. பாதில சேனல் நேரத்தை மாத்தும், இல்ல முதல் எபிசோட்ல இருந்து திரும்பப் போடும்.

2004-ல சோனி 'அனிமேக்ஸ்' சேனலை இந்தியாவுக்குக் கொண்டுவந்துச்சு. நெடுங்கதைகள் அதுல வந்துச்சு, ஆனா ஆங்கிலத்துல. 2017-ல அதை மூடிட்டாங்க. அந்த நேரத்துல நான் கல்லூரில இருந்தேன். ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரத்து ஹாஸ்டல்கள்ல அனிமே எப்படிப் பரவுச்சுன்னா, ஒருத்தன்கிட்ட ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் இருக்கும், அது அறை அறையாப் போகும். எல்லாம் ரசிகர்களே ஆங்கில சப்டைட்டில் போட்டுத் திருட்டுத்தனமா இணையத்துல விட்டது. சரியா தப்பான்னு இப்போ நான் தீர்ப்பு சொல்லல. இன்னைக்கு சட்டப்படி அனிமே காட்டுற க்ரஞ்சிரோலே 2006-ல பயனர்கள் அனுமதியில்லாம ஏத்தின வீடியோக்களை வெச்சுத் தொடங்கின தளம்தான். 2009-ல முறையான உரிமத்துக்கு மாறுச்சு, 2021-ல சோனி அதை 117.5 கோடி டாலருக்கு வாங்கி முடிச்சுது.

அந்த ஹார்ட் டிஸ்க் போகாத அறைகளும் இருந்துச்சு. தமிழ் மீடியத்துல படிச்சுட்டு வந்த பசங்க எங்ககூட உட்கார்ந்து ரெண்டு எபிசோட் பார்ப்பாங்க, எழுந்து போயிடுவாங்க. காரணம் சிம்பிள். ரெண்டு செகண்டுல ஓடிப்போற ஆங்கில வரியைப் படிச்சு, கீழயும் மேலயும் கண்ணை ஓட்டி, சண்டையையும் பார்க்கணும். பன்னெண்டு வருஷம் ஆங்கில மீடியத்துல படிச்சவனுக்கு அது தானா வரும். மத்தவனுக்கு அது பரீட்சை. "இந்தப் பசங்களுக்கு டேஸ்ட் இல்ல"ன்னு அப்போ பேசிக்கிட்டவங்க உண்டு. டேஸ்ட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. பிரசங்கம் வேற மொழியில நடந்துட்டிருந்துச்சு, அவ்வளவுதான்.

இத்தனைக்கும் அந்த ஆங்கில வரி ஒண்ணும் அவ்வளவு உயர்த்தி இல்ல. நெசுகோ அண்ணனை 'ஓனி-சான்'னு கூப்பிடுறா. தமிழ்ல 'அண்ணா', வேலை முடிஞ்சது. ஆங்கிலத்துல தங்கச்சி அண்ணனை உறவு சொல்லிக் கூப்பிடுற வழக்கம் இல்லாததால, பல நேரம் அது வெறும் 'டாஞ்சிரோ' ஆயிடும். பெரியவங்ககிட்ட பேசுற மரியாதை, கோவத்துல அந்த மரியாதை உடையறது, இதெல்லாம் நீ, நீங்க இருக்கிற மொழியில சுலபமா உட்காரும். நாங்க எல்லாம் தமிழுக்குப் பக்கத்துல இருந்த ஒரு விஷயத்தை ஆங்கிலம் வழியாச் சுத்திப் போய்ப் பார்த்துட்டிருந்தோம்.

மாற்றம் கடந்த மூணு நாலு வருஷத்துலதான். 2022-ல சோனி யே சேனல் நருட்டோவைத் தமிழ் உட்பட பல இந்திய மொழிகள்ல போட ஆரம்பிச்சுது. 2024-ல 'சோலோ லெவலிங்' ஸ்ட்ரீமிங்ல தமிழ் ஒலியோட வந்துச்சு. தியேட்டர் பக்கம் பார்த்தா, 2021-ல முகென் ட்ரெயின் இந்தியாவுக்கு வந்தப்போ ஜப்பானியம், ஆங்கிலம் மட்டும்தான், அதுவும் ஜப்பான்ல வந்து பல மாசம் கழிச்சு. இன்ஃபினிட்டி காஸில் 2025 செப்டம்பர் 12-ல, அமெரிக்காவுல வந்த அதே நாள்ல, ஜப்பானியம், ஆங்கிலம், இந்தி, தமிழ், தெலுங்குன்னு அஞ்சு மொழியில இறங்குச்சு. இந்தியாவுல இதுவரை எந்த அனிமே படமும் வசூலிக்காத அளவுக்கு வசூலிச்சுது. ஜப்பான்ல முகென் ட்ரெயினுக்கு அடுத்த இடம்.

அதே வருஷம் ஜனவரி 24-ல தமிழ் ஒலியோட இன்னொரு ஜப்பானிய அனிமே தியேட்டர்களுக்கு வந்துச்சு, ஞாபகம் இருக்கா? யூகோ சாகோவும் நம்ம ராம் மோகனும் சேர்ந்து 1990-களோட தொடக்கத்துல எடுத்த ராமாயணப் படம், புதுப்பிச்ச பிரிண்ட்ல. சாகோ 1980-கள்ல அலகாபாத் பக்கத்து அகழாய்வு பத்தின ஆவணப்படத்துக்காக இந்தியா வந்து, ராமாயணத்துல விழுந்தவர். ஒரே வருஷத்துல ரெண்டு எதிர் முனைகள். ஒண்ணுக்கு முன்கதை யாருக்கும் தேவையில்ல, பால் குடிக்கிற வயசுலயே கேட்டாச்சு. இன்னொண்ணுக்கு 63 எபிசோட் பாடம் படிச்சிருக்கணும்.

இன்ஃபினிட்டி காஸில்ல பல விமர்சகர்கள் குறை சொன்ன ஒரு விஷயத்தையும் பேசிடறேன். கதை தெரிய வேண்டாம்னு நினைக்கிறவங்க ஒரு நிமிஷம் தள்ளிப் போட்டுக்கோங்க. அகாசாங்கிற அரக்கனோட நடக்கிற சண்டைதான் படத்தோட மையம். அது முடியுற நேரத்துல படம் சண்டையை அப்படியே நிறுத்திட்டு அவன் மனுஷனா இருந்த காலத்துக்குப் போயிடும். அப்பாவோட மருந்துக்காகத் திருடின பையன், அவனைச் சேர்த்துக்கிட்ட குரு, குருவோட நோயாளி மகள், ஒரு கல்யாணப் பேச்சு, அப்புறம் ஒரு கிணறு. நீளமாப் போகும். 'வேகம் போச்சு, டிவி எபிசோட் மாதிரி இருக்கு'ன்னு எழுதினாங்க.

எனக்கு அப்படித் தோணல. அகாசா முகென் ட்ரெயின்ல யாரைக் கொன்னான்னு தெரிஞ்சவன், அஞ்சு வருஷமா அவன் சாவுக்குக் காத்திருந்தவன். அவன்கிட்ட படம் 'கொஞ்சம் பொறு, இவன் யாருன்னு கேட்டுட்டுப் போ'ன்னு சொல்லுது. பொன்னுருவியோட கர்ணன் வாதாடுற அதே நேரம்தான் இது. சாகப்போறவன் எதிரியாவே இருந்தாலும் அவனுக்கு ஒரு ராத்திரி கொடுக்கணும். ஆனா இதுக்கு அந்தக் காத்திருப்பு வேணும். ரெங்கோகுன்னா யாருன்னு தெரியாம வந்து உட்கார்ந்தவனுக்கு அது நிஜமாவே வேகத்தடைதான், அவனைக் குறை சொல்ல முடியாது.

அதனால என்னைக் கேட்ட எல்லாருக்கும் இப்போ விவரமான பதில். வரிசை இதுதான்: முதல் சீசன் 26 எபிசோட். அப்புறம் முகென் ட்ரெயின், படமாவோ ஏழு எபிசோடாவோ ஏதாவது ஒண்ணு போதும். அடுத்து என்டர்டெயின்மென்ட் டிஸ்ட்ரிக்ட் 11, ஸ்வார்ட்ஸ்மித் வில்லேஜ் 11, ஹஷிரா ட்ரெய்னிங் 8. கணக்குப் போட்டா கிட்டத்தட்ட ஒரு முழு நாள், ராத்திரியும் சேர்த்து. ஹஷிரா ட்ரெய்னிங் கொஞ்சம் இழுக்கும், ஆனா அதோட கடைசி எபிசோடைத் தவற விடாதீங்க, படம் தொடங்குறதே அங்க இருந்துதான். நேரமே இல்லன்னா முதல் சீசனோட 19-வது எபிசோடையும் முகென் ட்ரெயினையும் மட்டுமாவது பார்த்துடுங்க. தம்பி தங்கச்சியோட பார்க்கிறதா இருந்தா, அவங்களுக்கு எந்த மொழி ஓடும்னு கேட்டுட்டு ஆடியோவைத் தேர்ந்தெடுங்க. "ஒரிஜினல்லதான் பார்க்கணும்"னு சட்டம் பேசாதீங்க.

மூணுல இன்னும் ரெண்டு படம் பாக்கி. முசான் இன்னும் கோட்டைக்குள்ளதான் இருக்கான். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.